மினுக்குப் புடவுக்குப் போன லாரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடம் மாசி மாதத்திலிருந்து சங்ககிரி உபகாரசாமி வீட்டில் விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய தம்பி கிறிஸ்துராஜின் மனைவி ஜெபமலர் உடம்பிலிருந்தே போதுமான வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பழுக்காத எலுமிச்சையின் நிறத்தில், சூடில்லாத வெளிச்சம். கூடத்தில் அவள் உட்கார்ந்தால் கூடத்துக்குப் போதும், அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்குப் போதும். அந்த வருடம் மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்ததால் ஊரார் இதை வீட்டுக்கு வந்த அனுகூலங்களில் ஒன்றாகத்தான் சேர்த்துப் பேசினார்கள். பேசாதவள் ஒருத்திதான். அவள் உபகாரசாமியின் மனைவி அன்னாள், வீட்டின் மூத்த மருமகள். அந்த வெளிச்சம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை, பத்து வருடம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். உபகாரசாமி வேறொருவர் லாரியைப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு பார்கோ லாரி வாங்கி, சேலத்துப் பட்டறையில் பாடி கட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் திரும்பிப் போன பிறகு சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தார்கள், இரண்டில் எது வேலை செய்தாலும் சரி என்று. அதற்கடுத்தது முதல் ஓட்டம். சங்ககிரி லாரிக்காரர்களிடம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி முதலில் பாரம் ஏற்றக்கூடாது, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது தூரமாய்ப் போய்விட்டு வரவேண்டும். முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக வீட்டுப் பெண் ஒருத்தி மடியில் ஒரு படி கல்லுப்பு வைத்துக்கொண்டு உட்காருவாள். அதுதான் வண்டியின் முதல் பாரம். வண்டியின் அதிர்ஷ்டமும் அந்த மடியில்தான் இருக்கிறது. அவள் வண்டி வீடு திரும்புகிற வரைக்கும் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் அதிர்ஷ்டமும் கூடவே இறங்கிவிடும். குமாரபாளையத்துக்காரர் ஒருவரின் வண்டியில் அவர் மனைவி பதநீர் குடிக்க இறங்கினாள், அந்த வண்டி அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அச்சு முறிந்தது. ஆகவே அந்த இருக்கைக்குப் போகிறவள் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள்.

யார் உட்காருவது என்பதில்தான் தகராறு. புதிதாக வந்த மருமகள்தான் உட்காரவேண்டும் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். புது வண்டிக்குப் புதுப்பெண். ஜெபமலர் கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சேலம் டவுனில் வளர்ந்தவள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும், கோவில் பாட்டுக்குழுவில் பாடியவள். அன்னாளுக்கு இதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, முக்கியமாக அந்தக் குழி. பன்னிரண்டு வருடம் உபகாரசாமி ஊர் ஊராய்ப் போய் எந்த நேரத்தில் திரும்பினாலும் அரிக்கன் விளக்கோடு வாசலில் நின்றவள் அவள். இப்போது சொந்த வண்டி வந்ததும் நேற்று வந்தவள் முன்னால் உட்காருவதா? அன்னாள் சண்டை போடவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் விட்டாள். இரண்டு நாள் வீடு பொரியும் கடலையும் தின்றது. மூன்றாம் நாள் காலையில் உபகாரசாமி, "ஏம்புள்ள, நீயே உக்காந்துக்க. எனக்குக் காப்பியப் போடு" என்றார்.

எனவே முதல் ஓட்டத்தில் அன்னாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, குழந்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கிறிஸ்துராஜும் ஜெபமலரும் ஏறிக்கொண்டார்கள். திருச்செங்கோட்டு மலையைச் சுற்றிக்கொண்டு, ராசிபுரம் தாண்டி, நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காயப்போட்டிருந்த களங்களின் வாசனையில் எல்லோரும் தும்மி, மெட்டாலா கணவாயில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. வலப்பக்கம் கொல்லிமலை நீலமாய்க் கூடவே வந்தது. குரங்குகள் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து வண்டியின் நிறத்தைப் பார்த்தன. மலைக்கு அந்தப்பக்கம் மரவள்ளிக்காடும் பாக்குத்தோப்பும் மாறிமாறி வந்தன. அன்னாள் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உப்புப் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற மாட்டுவண்டிக்காரர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தம்மம்பட்டிக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில், ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. அங்கேதான் மினுக்குப் புடவு இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் குகையைப் புடவு என்பார்கள். அதன் உள்கூரையில் புழுக்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கும். ஒன்றிரண்டு இல்லை, அரிசி கொட்டிக் கவிழ்த்த மாதிரி கூரை முழுக்க. வாசலில் ஆடு மேய்க்கிற குப்பாயி என்ற பெண்தான் உள்ளே விடுவாள். தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும், உள்ளே பேசக்கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு. எல்லோரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். உபகாரசாமியும் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். அன்னாள் ஒரு காலைத் தூக்கிவிட்டாள். பிறகு மடியிலிருந்த உப்பைப் பார்த்தாள்.

"நீ எறங்கப்படாது புள்ள, மறந்துட்டயா?" என்றார் உபகாரசாமி.

"எனக்கென்ன, நான் புழுவைப் பாக்காதவளா" என்றாள் அன்னாள்.

ஆகவே இரண்டு நாள் அடுப்பை அணைத்துப் போட்டு வாங்கிய இருக்கையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். குப்பாயியின் ஆடுகள் சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போயின. தண்ணீர்த் தாகம் வேறு எடுத்தது. ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். உச்சி வெயில் என்பதால் முதலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வந்தவர்களில் ஒருத்தியை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அன்னாளுக்குத்தான் தெரிந்தது. ஜெபமலர் புளியமர நிழலுக்குள் வந்ததும் அவள் நெற்றியோரத்து முடியும் முழங்கைகளும் மினுங்கின. அவள் நின்ற இடத்தில் நிழல் கலைந்துபோனது. குப்பாயி அருகில் வந்து பார்த்து, "அது சில பேருக்குக் குடுக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டப் போனாள். அப்போது உபகாரசாமி ஒரு காரியம் செய்தார். இஞ்சினைத் தவிர வேறெதையும் புகழ்ந்தறியாத மனிதர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்குதே" என்றார். அன்னாள் அதைக் கேட்டாள். மடியிலிருந்த உப்பைக் கொட்டிவிடாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தது அவளுடைய பெருந்தன்மை என்றுதான் சொல்லவேண்டும்.

வண்டிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஒன்று இரண்டாயிற்று, அறுபத்தொன்றில் மூன்றாயிற்று. பாலக்காடு, கோழிக்கோடு வரைக்கும் ஓடியும் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் மூன்று வண்டிகளும் யார் மடியிலிருந்து வந்தவை என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஜெபமலரைத்தான் பார்க்க வந்தார்கள். கெங்கவல்லியிலிருந்து கட்டுச்சோற்றோடு வந்தார்கள். பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். இது அற்புதமும் அல்ல, பாவமும் அல்ல, பூசை நேரத்தில் முக்காடு போட்டுக்கொள்ளச் சொல்லவும் என்று பதில் வந்தது. குழந்தைகள் சித்தியைச் சுற்றி உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பல்லிகள் அவள் உட்காருகிற சுவரில் வரிசையாக வந்து பூச்சிக்குக் காத்திருந்தன. ஜெபமலரும் எல்லோரையும் போலத் தோசை சுட்டாள், இரண்டு பிள்ளை பெற்றாள், பிள்ளைகள் சாதாரணமாக இருந்தன. அவள் சமைத்த குழம்பு மட்டும் அன்னாளுக்கு எப்போதும் உப்புக் கரித்தது.

அன்னாளை எது அதிகம் வதைத்தது என்றால் அரிக்கன் விளக்குதான். முன்பெல்லாம் உபகாரசாமி வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் அவள் கையிலிருக்கிற விளக்கைத்தான் பார்ப்பார், பிறகு அவளை. இப்போது மலைக்கோட்டை வளைவில் திரும்பும்போதே வீட்டு ஜன்னலில் எலுமிச்சை நிறம் தெரிந்துவிடுகிறது. "அங்கிருந்தே ஊடு தெரியுது புள்ள, இனி நீயெதுக்கு வாசல்ல நிக்கற, போய்ப் படு" என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்னாள் விளக்கைத் துடைத்து, திரியை இறக்கி, பரணில் வைத்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் கோவிலுக்குப் போய், சாமி, எனக்குப் பொறாமை என்று பாவசங்கீர்த்தனம் செய்தாள். நான்கு வருடம் ஆனபின் சாமியார் கம்பிச் சட்டத்துக்கு அந்தப்பக்கம் பெருமூச்சு விட்டு, "அம்மா, அடுத்த வாரமாச்சும் வேற ஏதாவது ஒரு பாவத்தோட வாங்க" என்று கேட்டுக்கொண்டார்.

மறுபடியும் அந்தப் புடவுக்குப் போகவேண்டும் என்பதே அவளுடைய ஒரே எண்ணமாயிருந்தது. ஐம்பத்தெட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போன வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். சுவேத நதியில் வெள்ளம், தம்மம்பட்டிக்கு இந்தப்பக்கமே திருப்பிவிட்டார்கள். அறுபதில் புறப்பட்ட அன்று காலை அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் சேர்ந்தாற்போல் அம்மை போட்டது. நடுவில் தெருவுக்குக் கரண்டு வந்தது. அன்னாள் கடையிலேயே பெரிய பல்பாக வாங்கிக் கூடத்தில் மாட்டி, இனி யார் யாரைப் பார்க்கிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். பல்பு எரிந்தால் கண் கூசுகிறது, அணைத்துவிட்டுச் சின்னம்மாவைக் கூப்பிடு என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கடைசியில் அறுபத்து மூன்றில், அந்தோணியாருக்கு நேர்ச்சை என்று சொல்லிவிட்டு, அன்னாள் பஸ்ஸேறித் தனியாகப் போனாள். அதே கணவாய், அதே குரங்குகள். கொல்லிமலை அன்றைக்கும் நீலமாய்த்தான் இருந்திருக்கும், அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குப்பாயி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "உப்பு வெச்சுக்கினு வண்டியிலயே குந்தியிருந்தியே, நீதானே?" என்று கேட்டு உள்ளே விட்டாள். அன்னாள் தவழ்ந்து போய், நிமிர்ந்து, மேலே பார்த்தாள். அவ்வளவு அழகை அவள் எதிர்பார்க்கவில்லை. கூரையெங்கும் பச்சைப் பொடியாய் வெளிச்சம் தொங்கியது, கீழே தேங்கியிருந்த தண்ணீரிலும் அது கிடந்தது. இத்தனையும் ஜெபமலர் பார்த்தாளே, எனக்கு முன்னால் பார்த்தாளே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் தலைக்கு மேலிருந்த ஒரு புழு அணைந்தது. பிறகு அதற்குப் பக்கத்திலிருந்தது. பிறகு, சாப்பாடு முடிந்து தெருவில் வீடு வீடாக விளக்கை அணைப்பது போல, ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன. அன்னாள் சத்தம் போடாமல், கட்டுப்பாட்டை மீறாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது வெளியிலும் இருட்டாகவே இருந்தது. அவளைச் சுற்றி மட்டும், கை நீட்டுகிற தூரத்துக்கு.

குப்பாயி வந்து தன் கையை அந்த இருட்டுக்குள் விட்டுப் பார்த்து வெளியே எடுத்தாள். "உனக்கும் குடுத்திருக்குது" என்றாள். திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர் அவள் சீட்டுக்கு மேல் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, டிக்கெட்டைக் கிழிக்க வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கிழித்துவந்து கொடுத்தார்.

வீட்டில் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. உபகாரசாமி கோழிக்கோட்டு ஓட்டம் முடிந்து நடுப்பகலில் வந்திருந்தார். லாரிக்காரர்களுக்கு ராவெல்லாம் ரோடு, பகலில்தான் படுக்கை. ஓட்டு இடுக்கு வழியாக வெயில் வந்து கண்ணைக் குத்தும், தூக்கம் வராமல் புரண்டு புரண்டு எழுந்து போவார்கள். அவர் மனைவியைப் பார்த்து, "என்னம்புள்ள இது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டுப் படுத்தார். சாயங்காலம் வரை குறட்டை விட்டுத் தூங்கினார். விஷயம் பரவிவிட்டது. கண் சிவந்த டிரைவர்கள் வந்தார்கள், கண்வலிக்காரர்கள் வந்தார்கள், பகலில் தூங்காத கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். அன்னாள் நடுக்கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சுற்றிலும் ஆட்கள் சக்கரத்துக் கம்பிகளைப் போலத் தலையை அவள் பக்கம் நீட்டிப் படுத்திருப்பார்கள். கோழிகள் பொழுது போய்விட்டதென்று அவள் காலடியில் அடைந்தன. இதெல்லாம் நல்ல மரியாதைதான். ஆனால் அன்னாளுக்கு ஆறவில்லை. ஜெபமலரிடம் வருகிறவர்கள் அவளைக் கண்ணால் பார்க்கிறார்கள், என்னிடம் வருகிறவர்கள் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று அதற்கும் ஒரு குறை வைத்துக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பெண்களும் ஒருவர் இருக்கிற இடத்துக்கு மற்றவர் வருவதில்லை. வந்தால் அவளுடைய வெளிச்சமும் இவளுடைய இருட்டும் இடித்துக்கொண்டு, நடுவில் மழைக்கால மாலை மாதிரி ஒரு மங்கல் உண்டாகும், பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். இப்படி மூன்று வருடம் போயிற்று. அறுபத்தாறு பங்குனியில் ஒரு மத்தியானம், படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போனபிறகு, ஜெபமலர் கூடத்து வாசற்படியில் வந்து நின்றாள். கிட்டத்தில் பார்த்தபோது அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருப்பதை அன்னாள் கண்டாள். அவளுக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"நான் தூங்கிப் பத்து வருசமாச்சுங்க்கா. கண்ண மூடுனாலும் எமை வழியா வெளிச்சம் தெரியுது. போர்வைக்குள்ள போனாலும் கூடவே வருது. ஊரே வந்து உங்க பக்கத்துல தூங்கிட்டுப் போகுது. ஒரே ஒரு மத்தியானம் உங்க மடியில தல வெச்சுக்கட்டுமுங்களா?"

மாட்டேன் என்று சொல்ல அன்னாளுக்கு ஆசையாக இருந்தது. தன்னிடம் இருக்கிற, ஜெபமலரிடம் இல்லாத ஒரே பொருள் இதுதான். இதையும் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? வெற்றிலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். ஜெபமலர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு எம்மேல வருத்தம்னு தெரியுமுங்க. எனக்கும் உங்க மேல இருந்துச்சு. அன்னிக்கு வண்டியில பொறத்தால வைக்கோல் மேல உக்காந்து மெட்டாலா வரைக்கும் அழுதுட்டே வந்தேன்."

"நீ எதுக்கு அழுவோணும்?"

"நீங்க முன்னால உக்காந்திருந்தீங்களே. மடியில உப்புப் படி வெச்சுட்டு, ஜன்னலோரமா, ராணியாட்டம். எங்கம்மா ஊட்டுல சொல்லியிருந்தேன், நான்தான் முன்னால உக்காருவேன்னு. பொடவுக்குள்ள போயும் அதே நெனப்புதான். புழுவை நான் எங்கீங்க பாத்தேன்? உங்களை நெனச்சு வயிறெரிஞ்சுட்டு நின்னேன். வெளிய வந்தா இப்படி ஆகிப்போச்சு."

அன்னாள் மெல்லுவதை நிறுத்தினாள். "திருப்பிச் சொல்லு" என்றாள். ஜெபமலர் திருப்பிச் சொன்னாள். "ராணியாட்டம்னா சொன்ன?" என்று கேட்டாள். "ஆமாங்க்கா." "பொடவுக்குள்ளயுமா?" "ஆமாங்க்கா, பொடவுக்குள்ளயும்." அன்னாளின் நெஞ்சில் பத்து வருடமாய்க் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. அவளைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் கன்னத்தில் குழி விழுகிறவள், வழி நெடுக அழுதிருக்கிறாள். இந்தச் செய்தி ஐம்பத்தாறிலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று அவளுக்குக் கண் கலங்கியது. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு மடியைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து படு சாமி" என்றாள்.

ஜெபமலர் தலையை வைத்ததும் அவள் வெளிச்சம் சற்று நேரம் தத்தளித்து அணைந்தது. வெளிச்சமில்லாத அவள் முகத்தை அன்னாள் பத்து வருடத்தில் முதல்முறையாக, அந்த இருட்டில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் ஜெபமலர் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப் போயும் அன்னாள் அசையவில்லை. உபகாரசாமி வந்தபோது வீடு தெரியாமல் மலைக்கோட்டை வளைவைத் தாண்டிப் பள்ளிபாளையம் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பினார். மறுநாளிலிருந்து அன்னாள் பரணிலிருந்து அரிக்கன் விளக்கை இறக்கித் திரி மாற்றினாள். அவள் கையில் அது மினுக் மினுக்கென்றுதான் எரிந்தது, ஆனாலும் வாசலில் ஏதோ ஒன்று எரிகிறது என்று வளைவிலிருந்து தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஜெபமலர் ஒரு தூக்கம் போட்டாள். சனிக்கிழமை கோவிலில் அன்னாள், பாலில் தண்ணீர் கலந்தேன் சாமி என்று சொன்னாள். சாமியார் மிகவும் சந்தோஷப்பட்டார்.

அறுபத்தொன்பதில் நான்காவது வண்டி வந்தது. முதல் ஓட்டத்துக்கு யார் முன்னால் உட்காருவது என்ற பேச்சு எழுந்தபோது அடுப்பை யாரும் அணைக்கவில்லை. இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், உப்புப் படி இருவர் மடிக்கும் நடுவில். நாமகிரிப்பேட்டைக்கு முன்னால் ஒரு செக்போஸ்டில் காவலர் எட்டிப் பார்த்தார். கேபினில் பாதி பச்சை வெளிச்சமாகவும் பாதி கும்மிருட்டாகவும் இருந்தது. "பாரம்?" என்று கேட்டார். உப்பு என்று உபகாரசாமி சொன்னதும் கட்டையைத் தூக்கிவிட்டார். மினுக்குப் புடவில் மற்றவர்கள் இறங்கி உள்ளே போனார்கள். புழுக்கள் பழையபடி மினுங்கிக்கொண்டிருந்ததாக வந்து சொன்னார்கள். இவர்கள் இருவரும் இறங்கவில்லை. புளியமரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்து வறுத்த கடலையை உடைத்துத் தின்றுகொண்டு, தோலை வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் அன்னாள்தான் உட்கார்ந்திருந்தாள். அதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.